பாட்டியின் வேண்டுதல், பேத்தியின் கால்

பொருள் புரியாத குழந்தை ஆடினால் அது வழிபாடு ஆகுமா? அமெரிக்காவின் மினியாபோலிஸில் வாழும் எனக்கு, ஒஜிப்வே பூர்வகுடி மக்களின் பவ்வாவ் என்னும் ஆட்டக் கூடல்களுக்குப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும். நடக்கப் பழகிய கையோடு வட்டத்துக்குள் இறங்கிவிடும் வாண்டுகளைப் பார்த்தபின், ஆகும் என்றே சொல்வேன்.

ஒஜிப்வே மக்களின் ஜிங்கிள் ஆட்டம் பிறந்த கதையே ஒரு சிறுமியின் கதைதான். முதல் உலகப்போர் முடிந்த சமயம், இன்ஃப்ளுயன்சா ஊர் ஊராகப் பரவியது. நோயில் கிடந்த மகளை நினைத்துத் தவித்த தகப்பனுக்குக் கனவில் ஓர் உடையும் ஆட்டமும் தெரிந்தன. உடையைத் தைத்து ஆடவைத்தார், மகள் தேறினாள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பொடி டப்பாவின் தகர மூடியைக் கூம்பாகச் சுருட்டி வரிசை வரிசையாகத் தைப்பது அந்த உடை. ஆடும்போது ஓட்டுக்கூரையில் மழை பெய்கிற சத்தம். காலைத் தரையைவிட்டு அதிகம் தூக்காத, அடக்கமான அடிவைப்பு. ஆடுகிறவள் நோயுற்ற யாருக்காகவோ ஆடுகிறாள்.

இந்த உடையை அம்மாவோ அத்தையோ பாட்டியோ மாதக்கணக்கில் உட்கார்ந்து தைக்கிறார்கள். குழந்தை முதன்முதலில் வட்டத்துக்குள் வரும் நாளில் குடும்பத்தார் ஊராருக்குக் கம்பளியும் பொருளும் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். புரியும் வயது வந்தபின் பக்தியைச் சொல்லித் தரலாம் என்று என் தோழிகள் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டியின் வேண்டுதல் பேத்தியின் காலில் நடக்கிறது. அர்த்தம் மெல்ல வந்து சேரட்டும்.

பக்தி பிள்ளைகளின் கால்வழியே தொடர்கிறது என்பதை நன்றாக அறிந்திருந்தவர்கள், இந்த ஆட்டங்களுக்குத் தடைபோட்டவர்கள்தான். அமெரிக்க அரசின் பூர்வகுடி விவகார ஆணையர் சார்லஸ் பர்க் 1921இல் சடங்கு ஆட்டங்களுக்கு எதிராகச் சுற்றறிக்கை விட்டார். 1923இல் அனுப்பிய துணை அறிக்கையில், 50 வயதுக்குக் குறைந்த யாரும் ஆடவோ ஆடுமிடத்தில் இருக்கவோ கூடாது என்ற பரிந்துரை இருந்தது. முதியவர்களோடு எல்லாம் முடிந்துபோகும் என்ற கணக்கு! படிக்கும்போது வயிறு எரிகிறது. 1934இல் ஜான் காலியர் ஆணையராக இருந்தபோதுதான் அந்தக் கொள்கை மாறியது. அந்தக் கெடுபிடிக்கு நடுவிலும் ஜிங்கிள் ஆட்டம் ஒஜிப்வே ஊர்களில் வேர்விட்டது.

2020இல் எங்கள் நகரத்தில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ்காரரால் கொல்லப்பட்ட தெருமுனைக்கு ஜிங்கிள் உடையோடு பெண்கள் வந்து ஆடினார்கள். அவர் ஒஜிப்வே அல்ல. அவருக்காகவும், துக்கத்தில் இருந்த நகரத்துக்காகவும் ஆடினார்கள்.