முன்னறிவும் வழியறிதலும்

புதிய இடமொன்றைக் கற்கும் உள்ளம் வெறுந்தாளாக இருத்தல் நன்றா, முன்னறிவு நிறைந்ததாக இருத்தல் நன்றா? முன்னறிவு கண்ணை மறைக்கும் என்பர் ஒரு சாரார். அஃதின்றிக் காண்பது எதுவும் பொருள்தராது என்பர் மறுசாரார். திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில் தொடங்கிய வரலாறொன்று இவ்வினாவை ஆராயத் துணைசெய்யும்.

புயலிற் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிட அக்குடாவில் தங்கிய ஆங்கிலேயர் சிலர், 1660ஆம் ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அவருள் ஒருவரான றொபேட் நொக்ஸ் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தார். தோழர் ஒருவருடன் சிறுபொருள் விற்பவராக வடக்கு நோக்கிப் பன்முறை சென்று, ஊர்களையும் மக்கள் வழக்கங்களையும் அறிந்துகொண்டார். 1679இல் இருவரும் அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவைப் பின்பற்றி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். இறுதிக் காட்டுவழி அவர்க்குப் புதியது. அதனைப் பொருத்திக்கொண்ட அறிவுச் சட்டகமோ பழையது.

எலிகளிடத்தும் இவ்வுண்மை காணப்படுகின்றது. 1930இல் டொல்மன், ஹொன்சிக் ஆகியோர் நடத்திய சோதனையில், 10 நாள்கள் இரையின்றிச் சிக்கல்வழியில் அலைந்த எலிகள், 11ஆம் நாள் இரை வைக்கப்பட்டதும், நாடோறும் இரைபெற்றுப் பழகியவற்றுக்கு விரைவில் நிகராயின. பயனற்றதெனத் தோன்றிய அலைச்சலும் கல்வியேயாயிற்று. 2007இல் எடின்பரோவைச் சேர்ந்த றிச்சட் மொறிஸ் குழுவினர் மேலுமொன்றைக் காட்டினர். எச்சுவைக்கு எவ்விடத்தில் இரை எனப் பல கிழமைகள் பயின்ற எலிகள், புதிய இணைகளை ஒரே முயற்சியிற் கற்றன. இரண்டு நாள்களின் பின் மூளையின் ஹிப்போகம்பசு சிதைக்கப்பட்டபோதும் அந்நினைவு அழியவில்லை.

அவ்வாறாயின் முன்னறிவு எப்பொழுதும் நன்மையே பயக்குமா? 1948இல் டொல்மன் இதற்கோர் எச்சரிக்கை விடுத்தார். உள்ளத்து வரைபடம் அகன்றதாகவும் அமையலாம், குறுகியதாகவும் அமையலாம். மிகையான பயிற்சியும் அளவிறந்த வேட்கையும் ஏமாற்றமும் அதனைக் குறுக்கிவிடும். தொடங்கும் இடம் மாறினால் அக்குறுகிய வரைபடம் உதவாது. மனிதர் பிறரை வெறுப்பதற்கும் இக்குறுக்கமே காரணமாகலாம் என அவர் கருதினார்.

தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் திருகோணமலைக்கு இவ்வெச்சரிக்கை அந்நியமன்று. குடா ஒன்றே, அதனைச் சுற்றி ஒவ்வொரு சமூகமும் உள்ளத்தில் வரையும் வழிகளோ வேறு. 2009இல் முடிவுற்ற போரின் ஆண்டுகளில் அச்சம் அவ்வழிகளை மேலும் ஒடுக்கியது. தன் தெருவை மட்டும் அறிந்தவன் துறைமுகத்தை அறிந்தவனாகான்.

ஆகவே வினா, முன்னறிவு வேண்டுமா வேண்டாமா என்பதன்று. அது எத்துணை அகன்றது என்பதே. உடனடிப் பயன் கருதாது அயலவர் ஊரையும் மொழியையும் கற்பவன் காலத்தை வீணாக்குபவன் அல்லன். பாதை மாறும் நாளில் அவனுக்கே வழி புலப்படும்.