காமிராவும் மனச்சாட்சியும்



சென்ற மாதம் அந்தோணியார் கெபி உண்டியல் உடைக்கப்பட்டதையும், அதன்பின் நம் ஊரில் எழுந்த பேச்சுக்களையும் நீங்கள் யாவரும் அறிவீர்கள். உண்டியலிலிருந்து போன பணத்தைப் பற்றி இன்று நான் எழுத வரவில்லை. அது பெருந்தொகையும் அல்ல. அந்த வாரத்தில் பணத்தினும் விலையுயர்ந்த வேறொன்று களவு போயிற்று. அதை எடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆதலால் நடந்ததை ஒளிக்காமல் சொல்வது என் கடமை.

கோயில் வளவுக்கு 8 காமிராக்கள் வைத்து ஓராண்டு ஆகிறது. உண்டியல் உடைந்து கிடந்த திங்கட்கிழமை காலையில் நாங்கள் ஐந்தாறு பேர் திரைக்கு முன் உட்கார்ந்தோம். கெபிக்கு நேரே இருந்த காமிராவில் இருட்டிய பிறகு ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. மணிக்கூண்டுக் காமிராவின் பதிவை விடியற்காலையிலிருந்து பின்னோக்கி ஓட்டினோம். முதலில் அகப்பட்ட மனித உருவம் ஒரு பையன். நீளமாக ஏதோ ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு கெபிப் பக்கம் போகிறான்; சற்று நேரத்தில் வெறுங்கையோடு திரும்புகிறான். திரையின் மூலையில் மணி இரவு 10.30. நம் கோயில் வாசல் 9 மணிக்கே பூட்டப்படுவது. மதில் ஏறித்தானே வந்திருக்க வேண்டும்? தோளில் இருந்தது கடப்பாரை என்றார் ஒருவர். மற்றவர்கள் ஆம் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

பையனைக் கூப்பிட்டு அனுப்பினேன். "நான் எடுக்கலை சாமி" என்றான். "இரவு பத்தரை மணிக்கு உனக்கு இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன். "பத்தரைக்கு நான் வரலை சாமி" என்றான். பொய் சொல்கிறான் என்றே எண்ணினேன். கண்ணால் கண்டதை வாயால் மறுக்கிறானே என்று எனக்குக் கோபமும் வந்தது. அன்று மாலைக்குள் யாரோ அந்தத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். மறுநாள் பையன் பள்ளிக்கூடம் போகவில்லை. அவன் தாய் வந்து வாசற்படியில் நின்று, "சாமி, நீங்களுமா நம்புனீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

புதன்கிழமை, மெழுகுதிரி விற்கும் பாட்டி என்னைத் தேடி வந்தார்கள். "ஜெபமாலை முடிஞ்சு, விரிச்ச பாயைச் சுருட்டிக் கெபிக்குப் பின்னால வச்சுட்டு வான்னு நான்தான் அவனை அனுப்புனேன். மணி எட்டு இருக்கும். என் கண்ணு மங்கல்தான் சாமி. ஆனா நான் பொய் சொல்லல" என்றார்கள். காமிரா பத்தரை என்கிறது, பாட்டி எட்டு என்கிறார்களே என்று திகைத்திருந்தேன். அச்சமயம் கெட்டுப்போன கெபிக் காமிராவைப் பார்க்க வந்திருந்த தம்பி, திரையையும் தம் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பகல் 11 மணிக்குத் திரை 1.30 என்று காட்டிக்கொண்டிருந்தது.

காரணம் இதுதான். இத்தகைய பதிவுப்பெட்டிகள் பல தொழிற்சாலையிலிருந்து வரும்போது சீன நாட்டு நேரத்துக்கு அமைந்திருக்கும். அது நம் நேரத்துக்கு 2 மணி 30 நிமிடம் முந்தியது. பழைய வட்டு பழுதாகி, பெட்டியைப் புதிதாக அமைத்தபோது நேரத்தை மாற்ற மறந்துபோயிற்று. எட்டு மணி பத்தரை ஆனது. பாய் கடப்பாரை ஆனது. உதவி செய்த பிள்ளை திருடன் ஆனான். பதிவை இன்னும் சற்றுப் பின்னே ஓட்டியிருந்தால், ஜெபமாலை முடித்து நீங்கள் எல்லோரும் குடும்பம் குடும்பமாக வீடு திரும்புவதை "இரவு பத்து மணிக்கு" கண்டிருப்போம். தவறு அப்போதே வெளிப்பட்டிருக்கும். ஆனால் தேடியது கிடைத்தது என்று எண்ணிய மாத்திரத்தில் தேடுவதை நிறுத்திவிட்டோம். நன்மக்களே, கடிகாரத்தின் பிழை இரண்டரை மணி நேரந்தான். எங்கள் பிழை அதனினும் பெரிது.

கெபிக் காமிராவின் கதையையும் கேளுங்கள். பகலெல்லாம் நன்றாகக் காட்டிய அது, இருட்டியதும் கண்ணை மூடிக்கொண்டது. இரவில் பார்ப்பதற்காகக் காமிராவைச் சுற்றிச் சிறு அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. அவை எரியத் தொடங்கினால் காமிரா அதிக மின்சாரம் கேட்கும். பெட்டியிலிருந்து கெபி வரை 60 மீட்டர் நீளத்துக்கு மெல்லிய வயர். இந்த முனையில் 12 வோல்ட் புறப்பட்டாலும், பாரம் கூடும்போது வழியிலேயே அழுத்தம் குறைந்து, அந்த முனையில் போதாமற் போகிறது. காமிரா அணைந்துவிடுகிறது. கெபியின் அருகிலேயே தனி மின்பெட்டி வைத்ததும் சரியாயிற்று. உண்டியலை உடைத்தவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அதைப் பார்த்திருக்க வேண்டிய கண் அன்று திறந்திருக்கவில்லை.

இவற்றைக் கொண்டு காமிராவே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். வீட்டுக்குக் காவலாகக் காமிராவை முதலில் அமைத்தவர்களில் ஒருவர், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்ற நர்ஸ். வேளை கெட்ட வேளையில் வேலை முடிந்து வருபவர். கதவைத் தட்டுகிறவர் யார் என்று திறக்காமலே பார்க்க வேண்டும் என்பதற்காக, கதவில் 4 துளைகளும், அவற்றின்மேல் ஏறி இறங்கும் காமிராவும், உள்ளே திரையும் வைக்கும் முறையைத் தம் கணவரோடு சேர்ந்து வகுத்து, 1966-இல் விண்ணப்பித்து, 1969-இல் காப்புரிமை பெற்றார். தனியே இருக்கும் ஒரு பெண் அச்சமின்றி வீட்டிலிருக்க விரும்பியதில் என்ன தவறு? தன் வாசலைக் காத்துக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் உள்ள நியாயமான உரிமை.

ஆனால் காமிரா சாட்சி அல்ல. இதைத்தான் நாம் மறந்துபோகிறோம். சாட்சி என்பவன் கண்டதைச் சொல்வான், ஏன் என்று கேட்டால் விளக்குவான், தவறினால் திருத்துவான், பொய் சொன்னால் அதற்குப் பொறுப்பாவான். காமிராவோ யாரோ ஒருவர் திருப்பி வைத்த திசையில், யாரோ ஒருவர் வைத்த நேரத்தில், யாரோ ஒருவர் விட்டுவைத்த காலம் வரைக்கும் பார்க்கிறது. அதன் உண்மை முழுவதும் அதை அமைத்த கையின் உண்மையே.

இதற்கு நம் நாட்டிலேயே கசப்பான உதாரணம் உண்டு. 2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு தந்தையும் மகனும் சில நாட்களில் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அங்கே காமிராக்கள் இருந்தன. 1 டெராபைட் அளவுள்ள வட்டும் இருந்தது. நம் கோயிலில் உள்ளதும் அதே அளவுதான். 8 காமிராக்களும், ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் 20 ஜிகாபைட் எழுதினால், ஏறக்குறைய 6 நாள் பதிவு அதில் நிற்கும். பிறகு பழையதன்மேல் புதியது எழுதப்படும். சாத்தான்குளத்திலோ, போதிய இடமிருந்தும் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்தன என்று விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் தம் அறிக்கையில் எழுதினார். கண் இருந்தது; நினைவு இல்லை. பின்னே உண்மையைச் சொன்னது யார்? அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் காவலர். இருவரும் இரவெல்லாம் அடிக்கப்பட்டார்கள் என்று அவர் நடுவரிடம் சாட்சி சொன்னார். தம்மோடு வேலை செய்கிறவர்களுக்கு எதிராக அப்படிப் பேசுவது எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், நாட்டிலுள்ள காவல் நிலையங்கள் எல்லாவற்றிலும் காமிரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், எப்படியும் ஓராண்டுக்குக் குறையாமல் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆயினும் அந்தப் பெண்ணின் மனச்சாட்சியைப் போன்றதொன்றை எந்தக் கடையிலும் வாங்கிப் பொருத்த முடியாது. நம் பங்கிலும் உண்மையைக் காத்தது மெழுகுதிரிப் பாட்டியின் மங்கிய கண்களே அன்றோ?

இனி ஒரு பழைய கேள்வி. கிரேக்க ஞானி பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் ஓர் இடையனின் கதையைச் சொல்கிறார். அவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உட்பக்கம் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியான். அதைக் கொண்டு அவன் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே எடுத்துக்கொள்கிறான். யாரும் பார்க்கவில்லை என்ற நிலை வந்தால் நல்லவன் நல்லவனாகவே இருப்பானா என்பதே கேள்வி. குருமடத்தில் இதைப் படித்தபோது எனக்கு அது வெறுங்கதையாய்த் தோன்றியது. இன்று ஒவ்வொரு தெருவிலும் அந்தக் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கிறது. "இங்கே காமிரா உள்ளது" என்ற பலகையைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறவன், பலகை இல்லாத இடத்தில் என்ன செய்வான்? காமிரா களவைத் தடுக்கலாம். களவாடும் ஆசையைத் தடுக்காது. அதைத் தடுக்கும் வேலை பெற்றோருடையது. சிறுவயதிலேயே செய்ய வேண்டியது. பிள்ளையின் அறைக்குள் காமிரா வைத்துவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று எண்ணுகிற பெற்றோர், மின்சாரம் நின்ற இரவில் என்ன செய்வார்கள்? நம்பப்பட்ட பிள்ளைதான் நம்பிக்கையைக் காக்கக் கற்றுக்கொள்கிறது.

காமிரா வைக்கும் குடும்பங்களுக்குச் சில சொற்கள். முதலாவது, அது உங்கள் வாசலைப் பார்க்கட்டும். அயலாரின் முற்றத்தையும் துவைகல்லையும் பார்க்க வேண்டாம். நம் தென்புற மதிற் காமிராவில் அடுத்த வீட்டுக் கிணற்றடி முழுவதும் தெரிந்ததை இம்முறைதான் கவனித்தோம். இப்போது அதைத் திருப்பி வைத்தாயிற்று. திருப்ப முடியாத இடத்தில், திரையின் அந்தப் பகுதியை மட்டும் மறைக்கப் பெட்டியிலேயே வழியுண்டு. தனி வாழ்வின் மறைவு ஒவ்வொருவருக்கும் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கும் பக்கம் நம் கோயிலில் எந்தக் காமிராவும் பார்க்காது, இனியும் பார்க்காது.

இரண்டாவது, பெட்டியோடு வந்த பழைய கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். இல்லாவிடில் உங்கள் வீட்டைக் காக்க வைத்த கண்ணை அந்நியர் ஒருவர் தமதாக்கிக்கொள்ளக் கூடும். மூன்றாவது, மாதம் ஒருமுறை மணியைச் சரிபாருங்கள். கண்ணாடியில் படிந்த தூசியையும் சிலந்தி நூலையும் துடையுங்கள். இரவிலும் அது விழித்திருக்கிறதா என்று பாருங்கள். நான்காவது, வீட்டில் வேலை செய்கிறவருக்கும் தங்க வருகிற விருந்தினருக்கும் காமிரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒளிந்து பார்ப்பது காவல் அல்ல. ஐந்தாவது, பதிவில் எதைக் கண்டாலும் பிறர் கைப்பேசிக்கு அனுப்பாதீர்கள். குற்றம் என்று தோன்றினால் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். அதற்கு முன் ஒருமுறை உங்கள் கைக்கடிகாரத்தையும் பாருங்கள்.

முடிவாக ஒன்று. பிறர் பொருளை எடுத்தவன் மனம் வருந்தினால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் வேண்டும் என்று சிறு பிள்ளைகளும் அறிவார்கள். நற்பெயரை எடுத்தவனுக்கும் சட்டம் அதுவே. பணத்தைத் திருப்பித் தருவது எளிது. பெயரைத் திருப்பித் தருவது கடினம். போனது எத்தனை காது வரை போயிற்று என்று யாருக்குத் தெரியும்? ஆயினும் முடிந்தவரை செய்தே தீர வேண்டும். அந்தப் பையனிடமும் அவன் தாயிடமும் நான் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். தாயார் எனக்குக் காப்பி கொடுத்தார்கள். பையன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாதிருந்தது நியாயமே. இன்று உங்கள் எல்லோருக்கும் முன்பாக, இந்தப் பத்திரிகையில் எழுத்து மூலமாகச் சொல்கிறேன்: அந்தப் பிள்ளை குற்றமற்றவன், தவறு எங்களுடையது.

அந்தப் படத்தை அனுப்பியவர்கள் யார் யார் என்று நான் கேட்கமாட்டேன். எந்தெந்தக் குழுவில் அனுப்பினீர்களோ, அந்தந்தக் குழுவிலேயே இந்த வாரம் முடிவதற்குள் இந்த உண்மையையும் அனுப்புங்கள். அனுப்பினீர்களா என்று பார்க்க எந்தக் காமிராவும் இராது. உங்கள் மனச்சாட்சி இருக்கும்.

உங்கள் பங்குக் குரு