பிறர் கையால் வாழ்வார்தம் விருப்பு

நடத்தலும் உண்டலும் நீராடலும் பிறர் துணையாலன்றி இயலாத முதியோர்க்கு அவ்வுதவியைச் செய்வார், அவர்தம் விருப்பத்தையும் தம் கையகத்தே கொள்ளலாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. உயிர்க்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உளவென்பது சித்தாந்த நூலுணர்ந்தார் அறிந்ததே. கருவியாகிய உடல் தளர்ந்து கிரியை நிகழாதவிடத்து, இச்சையும் உடன் ஒழிந்ததெனக் கோடல் பொருந்தாது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களைச் சீர்திருத்த எழுந்த சட்டமும் அதன்வழி வந்த விதிகளும் இதனை ஒருவாறு ஒப்புகின்றன. அரசாங்கப் பொருள் பெறும் இல்லத்திற் சேர்ந்தார் ஒவ்வொருவர் நிலையையும் 14 நாட்களுக்குள் முற்ற ஆய்ந்து, அதன்பின் 7 நாட்களுக்குள் அவர்க்கெனத் தனியே ஒரு பராமரிப்புத் திட்டம் வகுத்தெழுதல் வேண்டும். மூன்று திங்கட்கு ஒருமுறையேனும் அந்நிலையை மீள நோக்குதலும் வேண்டும். 2010-இல் திருத்தப்பெற்ற வினாப்படிவம், உடுக்கும் ஆடையைத் தாமே தெரிந்துகொள்ளல், நீராடும் முறை, துயிலப்போகும் நேரம் ஆகியன தமக்கு எத்துணை இன்றியமையாதன என்று அவரையே வினவுகின்றது. இவை சிறியவென எள்ளற்க. யான் மாணவனாயிருந்த ஞான்று கண்ணொளி இழந்த முதியவர் ஒருவரை நாடோறும் நீராட்டினேன். காலை வேண்டுமோ மாலை வேண்டுமோ என்று ஒருநாளும் வினவிலேன். அதனைத் தொண்டென்றே எண்ணிச் செம்மாந்திருந்தேன்.

அற்றேல், விருப்பம் தீங்கு பயப்பின் என் செய்வது? விழுங்கும் ஆற்றல் குன்றினார்க்கு நீர் மூச்சுக்குழலிற் புகுந்து நோய் விளைக்குமாதலின், மாப்பொருள் கலந்து கெட்டியாக்கிய நீரையே கொடுக்குமாறு மருத்துவர் பணிப்பதுண்டு. ஒருவர் அதனை வெறுத்துத் தெண்ணீரே வேண்டுவாராயின், மறுக்கும் உரிமை அவர்க்குண்டென்று அந்நாட்டு விதி கூறும். அதன் இடரை விளங்க உரைத்து, அவர் மறுத்ததனைத் திட்டத்தில் எழுதிவைத்தல் இல்லத்தார் கடனாம். இது கைகழுவி விடுதலன்றோ எனின், எழுதியதனோடு அமைவார்க்கு அவ்வாறேயாம். வாயைத் தூய்மை செய்து, நிமிர்த்தி இருத்தி, சிறிது சிறிதாகப் பருகுவித்து அருகிருந்து நோக்குவார்க்கு ஆகாது.

நினைவு மயங்கினார் நிலை இன்னும் அரிது. முதற்கண் அவரையே வினவுக. அவர் விடை கூறமாட்டாராயின் உற்றாரை வினவுக. அவரும் இலராயின் பணியாளர் கண்டறிந்தனவற்றைக் கொள்க என்பது அப்படிவத்தின் நெறி. இம்முறைவைப்பு யாம் பெரிதும் மதிக்கத்தக்கது. ஊட்டும் உணவை வாய்மூடி மறுக்கும் மூதாட்டியும் ஏதோ ஒன்றனை உணர்த்துகின்றாள். அதனைப் பிடிவாதம் என்று குறித்துவிட்டு அகலாமல், சூடு மிகுந்ததோ, பல் நொந்ததோ, வேறுணவு வேண்டினாளோ என்று நோக்குதற்குப் பணியாளர்க்குப் பொழுது வேண்டும். பலர்க்கு ஒருவரே ஊட்டும் இல்லங்களில் அப்பொழுதே அரிதாகின்றது.