யந்திரத்திடம் சொன்ன பொய்

பொய் சொல்வது தவறு என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்களிடம் சொல்லக் கூடாது; தெய்வ சந்நிதியில் சொல்லவே கூடாது. சரி, ஒரு யந்திரத்திடம் சொல்லலாமா?

நம் பாட்டனார் காலத்தில் இப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. அவர்களுடைய யந்திரங்கள் எதுவும் 'நீ யார்?' என்று கேட்டதில்லை. தையல் மெஷின், நூல் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிக்காமல் தைத்தது. பேனா, எந்தக் கம்பெனி மையை ஊற்றினாலும் எழுதியது. இன்றைய யந்திரங்கள் விசாரிக்கின்றன. பிள்ளைகள் டெலிவிஷனோடு இணைத்து ஆடுகிறார்களே, அந்த விளையாட்டுப் பெட்டியும் விசாரிக்கிறது. பிள்ளைகள் சமாசாரம்தானே என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பெரியவர்களின் தர்ம சங்கடம் ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது.

உலகச் சந்தையில் இத்தகைய பெட்டிகளில் பெயர் பெற்றவை மூன்று. சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச். ஒவ்வொன்றையும் ஆட ஒரு கண்ட்ரோலர் உண்டு; இரு கைகளாலும் பிடித்துக் கட்டை விரல்களால் பொத்தான்களை அழுத்துகிற கருவி. ஒரு கம்பெனியின் கண்ட்ரோலரை மற்றொரு கம்பெனியின் பெட்டியில் நேராகச் செருகினால் பெரும்பாலும் அது வேலை செய்யாது. ஆகவே இரண்டுக்கும் நடுவில் வைக்க அடாப்டர் என்ற சிறு கருவியை வேறு சிலர் செய்து விற்கிறார்கள்.

அந்த அடாப்டர் செய்கிற வேலை வேடிக்கையானது. கண்ட்ரோலர் இணைந்தவுடன் பெட்டி ஒரு கேள்வி கேட்கும். கம்பெனியின் சொந்தக் கருவிக்குள் ஒரு ரகசிய முத்திரை இருக்கிறது. அதைக் கொண்டு அது சரியான விடை சொல்லும். அடாப்டரிடம் அந்த முத்திரை கிடையாது. எனவே பல அடாப்டர்களில் அசல் கண்ட்ரோலர் ஒன்றையும் பக்கத்தில் செருகி வைக்க வேண்டும். பெட்டி கேட்கும்போதெல்லாம் அசல் விடை சொல்லும். ஆட்டம் ஆடுவது வேறொன்று. பரீட்சை மண்டபத்தில் ஒருவன் பெயரில் இன்னொருவன் எழுதினால் அதற்கு நாம் என்ன பெயர் சொல்வோம்? ஆள்மாறாட்டம்தான். அடாப்டர் பொய் சொல்லுகிறது, சந்தேகமேயில்லை.

இவ்வளவு சிரமப்பட்டு ஒருவன் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அந்தப் பெட்டிக்குரிய கண்ட்ரோலரையே வைத்து ஆடினால் என்ன என்று கேட்கலாம். கை ஒப்ப மாட்டேன் என்கிறது. நின்டெண்டோ 1990-இல் வெளியிட்ட சூப்பர் ஃபேமிகாமில் 'ஏ' என்ற பொத்தான் வலப்பக்கம், 'பி' கீழே. 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸில் 'ஏ' கீழே, 'பி' வலப்பக்கம். சோனியிலோ எழுத்தே இல்லை; வட்டம், பெருக்கல் குறி, சதுரம், முக்கோணம். ஜப்பானில் நெடுங்காலம் வட்டம் 'சரி' என்றும் பெருக்கல் குறி 'வேண்டாம்' என்றும் பொருள்பட்டன. மேல்நாடுகளில் பெருக்கல் குறியே 'சரி' என்றாயிற்று. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானியரையும் இந்த மேல்நாட்டு வழக்கத்துக்கு மாற்றினார்கள். பத்து வருஷம் ஒரு பொத்தானில் ஊறிய விரலுக்கு இது சாதாரண விஷயமல்ல. தொட்டில் பழக்கத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னது கட்டை விரலுக்கும் பொருந்தும்.

ஆதியில் இப்படி இல்லை. 1977-இல் அமெரிக்காவில் அட்டாரி கம்பெனி விற்ற பெட்டியின் கைப்பிடி ஒன்பது ஊசிகள் கொண்ட ஒரு செருகியில் முடிந்தது. 1982-இல் வந்த கமடோர் 64 கம்ப்யூட்டரும் அதே வடிவத் துளையை வைத்துக்கொண்டது. 1988-இல் ஜப்பானில் செகா கம்பெனி வெளியிட்ட மெகா டிரைவின் கண்ட்ரோலரைப் பழைய அட்டாரியில் செருகினால் அதைக் கொண்டு ஆடவும் முடிந்தது. போட்டிக் கம்பெனிகள்தாம்; ஆனால் வாசல் ஒரே அளவு.

இன்று வாசல் மூடியிருப்பதற்கு இயலாமை காரணமல்ல. பிளேஸ்டேஷன் 4-இன் கண்ட்ரோலர் 2019 முதல் ஆப்பிள் டெலிபோனில்கூட வேலை செய்கிறது. அதே கண்ட்ரோலரைக் கொண்டு பிளேஸ்டேஷன் 5-இல் பழைய ஆட்டங்களை ஆடலாம். புதிய பெட்டிக்கென்றே செய்த ஆட்டங்களை ஆட முடியாது. புதிய கண்ட்ரோலரின் விசேஷ அம்சங்களை அந்த ஆட்டங்கள் பயன்படுத்த வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். ஒரே கம்பெனியின் மூத்த பிள்ளைக்கே இளையவன் வீட்டில் பாதி அனுமதிதான்!

கம்பெனிகளின் கட்சியில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய வலுவான வாதம் ஒன்று உண்டு. சுடுகிற ஆட்டங்களில் கண்ட்ரோலரின் குச்சியைவிட மவுஸ் வேகமாகக் குறி வைக்கும். அந்தக் குறையை ஈடு செய்ய, கண்ட்ரோலர் பிடித்தவனுக்கு ஆட்டமே குறி வைப்பதில் சற்று உதவுகிறது. மவுஸைக் கண்ட்ரோலர் என்று பொய் சொல்ல வைக்கும் அடாப்டரை உபயோகித்தால், மவுஸின் வேகமும் கிடைக்கும், பலவீனனுக்கென்று வைத்த உதவியும் கிடைக்கும். எதிரே எங்கோ தன் வீட்டிலிருந்து ஆடுபவன் ஏன் தோற்றோம் என்றே தெரியாமல் தோற்பான். 'கால் ஆஃப் டியூட்டி' என்ற ஆட்டத்தை வெளியிடும் ஆக்டிவிஷன் 2023-இல் இப்படிப்பட்ட கருவிகளைக் கண்டுபிடித்துத் தடுக்கத் தொடங்கியது. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை.

இங்கேதான் நம் கேள்விக்கு ஒரு வழி புலப்படுகிறது. யந்திரத்திடம் சொன்ன பொய் யந்திரத்தோடு நிற்பதில்லை. அதன் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறானா, அவன் ஏமாறுகிறானா என்று பார்க்க வேண்டும். வாய்மைக்கு இலக்கணம் சொன்ன வள்ளுவரும், பிறருக்குத் தீங்கு விளையாமையைத்தானே அளவுகோலாக வைத்தார்? மவுஸை மறைத்தவன் ஏமாற்றியது பெட்டியை அல்ல, சக மனிதனை. ஆகவே அது பாவம். பழகிய கண்ட்ரோலரை அந்நியப் பெட்டியில் செருகித் தன் வீட்டுக் கூடத்தில் தனியே ஆடுபவன் யாரை ஏமாற்றினான்?

கம்பெனியின் லாபத்தை என்று பதில் வரலாம். பெட்டியை லாபமில்லாமலும் சில சமயம் நஷ்டத்துக்கும் விற்று, ஆட்டங்களிலும் உபகருவிகளிலும் ஈடு கட்டுவது இந்த வியாபாரத்தின் வழக்கம். வியாபாரி தன் கணக்கைப் பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால் கணக்கைக் கணக்கு என்றே சொல்ல வேண்டும். அதற்கு ஒழுக்கத்தின் மேலாடையைப் போர்த்தக் கூடாது. 'வேறு கருவியைச் செருகினால் நாங்கள் பொறுப்பல்ல' என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கியவனைத் திருடனைப் போல விசாரிக்க உரிமை உண்டா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும் பத்து விரல்களும் சொன்னபடி கேட்பதில்லை. அவர்களுக்காக 2018-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு கண்ட்ரோலரை வெளியிட்டது. அதில் கையகலப் பொத்தான்கள் இரண்டு, முதுகில் 3.5 மில்லிமீட்டர் அளவில் 19 துளைகள். உலகத்துக்கே பொதுவான அந்தச் சாதாரணத் துளைகளில் காலால் மிதிக்கும் விசையோ, கன்னத்தால் தொடும் பொத்தானோ, எதை வேண்டுமானாலும் செருகலாம். மெச்சத்தக்க காரியம். 2023 டிசம்பரில் சோனியும் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. ஆயினும் ஒன்றின் கருவி மற்றதன் பெட்டியில் நேராகச் சேராது. நடுவில் பொய் சொல்லும் அடாப்டர் வேண்டும். அதே 2023-இன் நவம்பரில், அனுமதி பெறாத உபகருவிகளை எக்ஸ்பாக்ஸ் நிராகரிக்கத் தொடங்கியது. ஏமாற்றுக்காரனுக்கு வைத்த பூட்டில் ஊனமுற்றவர்களின் கருவிகளும் சிக்கிக்கொள்ளும் என்ற கவலை அப்போது எழுந்தது.

ஒருவரை நினைத்துப் பாருங்கள். பல மாதம் முயன்று, எந்த விசை எந்த விரலுக்கு எட்டும் என்று பார்த்துப் பார்த்து மேஜைமேல் அடுக்கி வைத்திருக்கிறார். நண்பர்கள் ஆடுவதோ வேறு கம்பெனிப் பெட்டியில். அவர்களோடு ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க அவர் யந்திரத்திடம் பொய் சொல்லியாக வேண்டும். அந்தப் பொய்யை எந்தத் தராசில் நிறுத்துவது? நான் அதை அவர் கணக்கில் எழுத மாட்டேன்.

ஒரு சட்டம் அயோக்கியனைத் தடுப்பதோடு யோக்கியனையும் பொய் சொல்ல வைக்குமானால், அந்தப் பொய்யில் சட்டம் செய்தவனுக்கும் பங்கு உண்டு. பூட்டுப் போடுகிறவர்கள் போடட்டும். உண்மையைச் சொல்லிக்கொண்டே உள்ளே வருவதற்கு ஒரு வாசலையும் வைத்துவிட்டுப் பூட்டட்டும்.