அண்ணாந்து பார்க்காதே, கணக்குப் போடு!

ஒருவன் உயரத்தில் நிற்கிறான். நீ கீழே நிற்கிறாய். உடனே என்ன செய்கிறாய்? கழுத்து வலிக்கிற வரைக்கும் வாயைப் பிளந்து பார்க்கிறாய். பிறகு ‘அதெல்லாம் அவங்களுக்குத்தான்’ என்று ஒரு பெருமூச்சு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாய். உன்னைத் தின்றுகொண்டிருப்பது அந்த உயரம் இல்லை, அந்தப் பெருமூச்சு!

அடுத்தவனோடு ஒப்பிடாதே, மனசு கெட்டுப்போகும் என்று ஆயிரம் பேர் உனக்குப் புத்தி சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒப்பிடு. நன்றாக ஒப்பிடு. ஆனால் கையில் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஒப்பிடு. ஒப்பிடுகிறேன் பேர்வழி என்று பொறாமைப்படத்தான் உனக்குத் தெரிந்திருக்கிறது. அளக்கத் தெரியவில்லை. அளக்கக் கற்றுக்கொள்ள ஒரு நல்ல இடம் இருக்கிறது, வா.

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் சாண்டஸ்கி என்று ஓர் ஊர். அங்கே ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கிற நிலத்துண்டின் மேல் சீடர் பாயிண்ட் என்ற கேளிக்கைப் பூங்கா 1870 முதல் இருக்கிறது. ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்தவர்களுக்கு அது கோயில். எது எத்தனை அடி, எது எந்த ஆண்டு வந்தது, எதை எது மிஞ்சியது என்பதுதான் அங்கே வருகிறவர்களின் பேச்சே. உயரத்தை ஒப்பிடுவதில் அவர்களுக்கு வெட்கமே கிடையாது.

1892இல் அங்கே வந்த முதல் கோஸ்டரின் உயரம் 25 அடி. மாடி வீட்டு மொட்டைமாடி அளவு. 1964இல் வந்த புளூ ஸ்ட்ரீக் 78 அடி. 1978இல் ஜெமினி, 125. 1989இல் மேக்னம், 205. 2000இல் மில்லேனியம் ஃபோர்ஸ், 310. 2003இல் டாப் திரில் டிராக்ஸ்டர், 420 அடி!

இப்போது கணக்கைப் பார். 25இலிருந்து 205க்கு வர 97 வருஷம். அதிலிருந்து 420க்குப் போக வெறும் 14 வருஷம். அந்த 97 வருஷத்துக்குள் என்னவெல்லாம் நடந்தது தெரியுமா? இருந்த பெரிய கோஸ்டரை 1951இல் பிரித்துப் போட்டுவிட்டார்கள். 1950களின் பிற்பகுதியில் பூங்காவை வாங்கியவர்கள், இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, வீட்டுமனை போட்டுவிடலாம் என்று கிளம்பினார்கள். ஊர் ஜனங்கள் எதிர்த்ததால் பூங்கா பிழைத்தது. மனை போடவிருந்த மண்ணில்தான் பிறகு 420 அடிக் கோபுரம் எழுந்தது. ‘முப்பது வயசாயிடுச்சு சார், இனிமே என்ன’ என்று இனி எவனும் என்னிடம் வந்து நிற்காதே. உன்னுடைய 1951 இது என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்!

மேக்னம் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். முதலில் போட்ட திட்டத்தில் அதன் உயரம் 187 அடி. அது மட்டும் சின்ன உயரமா என்ன? ஜெமினியைவிட 62 அடி அதிகம். அதோடு நிறுத்தியிருந்தாலும் கூட்டம் வந்திருக்கும், காசும் வந்திருக்கும். ஆனால் பூங்காவை நடத்திய நிறுவனத்தின் தலைவராக இருந்த டிக் கின்ஸலுக்கும் அவர் ஆட்களுக்கும் 200 என்ற எண் கண்ணில் பட்டுவிட்டது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு 13 அடிக்காக நிற்பதா? ஏற்று என்றார்கள். ஏறியது, 205க்கு. முழுச் சுற்றும் ஓடி முடிக்கிற கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டியது உலகத்திலேயே அதுதான் முதல்.

நம் ஊரில் 187இல் நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர்! ‘ரெண்டு மார்க்குல போச்சு’ என்று பதினைந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆளை உனக்கும் தெரியும். அந்த இரண்டு மார்க்கைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? வருத்தம் இருக்காது, ஒரு பெருமை இருக்கும். கிட்டத்தட்ட வந்துவிட்டேன் என்கிற பெருமை. அந்தப் பெருமையைத் தூக்கிக் குப்பையில் போடு. மிச்சம் 13 அடிதான் என்றால் உன் வேலையும் அந்த 13 அடிதான்.

மேக்னத்தை வடிவமைத்தவர் ரான் டூமர். ஆரோ என்ற நிறுவனத்தின் பொறியாளர். உலகமெங்கும் எத்தனையோ கோஸ்டர்களுக்கு வரைபடம் போட்ட மனிதர். அவரிடம் ஒரு விசேஷம் இருந்தது. அவருக்குக் கோஸ்டரில் ஏறினால் குமட்டும், தலை சுற்றும். தான் படைத்த வண்டிகளிலேயே அவர் அபூர்வமாகத்தான் ஏறினார். சிரிப்பு வருகிறதா? சிரி. சிரித்துவிட்டு யோசி. தன் வயிறு ஒத்துழைக்காத தொழிலில், தன் வயிற்றிடம் அனுமதி கேட்காமல், ஒரு மனிதர் 200 அடியைத் தாண்டியிருக்கிறார். நீயோ ‘எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது’, ‘நாலு பேர் முன்னாடி பேசக் கூச்சமா இருக்கு’ என்று உன் குறையைச் சான்றிதழ் மாதிரி சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறாய்.

மேக்னத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் காதில் விழுவது ஒரு சத்தம். டக், டக், டக். வண்டிக்கு எஞ்சின் கிடையாது. அடியில் ஓடுகிற சங்கிலிதான் அதை மேட்டுக்கு இழுத்துப் போகிறது. தரை விலகும், ஏரி விரியும், அந்தச் சத்தம் மட்டும் விடாமல் கூடவே வரும். பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குவது அந்தச் சத்தம்தான். அது என்ன என்று விசாரித்துப் பார். மேட்டுப் பாதை நெடுக ஒரு பல்சட்டம் இருக்கிறது. வண்டியின் அடியிலுள்ள இரும்புக் கொண்டி ஒவ்வொரு பல்லாக ஏறி விழுகிற சத்தம் அது. சங்கிலியே அறுந்தாலும் அந்தக் கொண்டி பல்லைப் பிடித்துக்கொள்ளும், வண்டி பின்னால் ஓடாது. எது உன்னைத் தாங்குகிறதோ அதைக் கேட்டுத்தான் நீ நடுங்கிக்கொண்டிருந்தாய்!

இனி முக்கியமான கணக்குக்கு வருகிறேன். பிளஸ் ஒன் இயற்பியலில் நீ மனப்பாடம் செய்து மறந்துபோனதுதான். உயரத்திலிருந்து இறங்கும் வண்டியின் வேகம் அந்த உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரம் நான்கு மடங்கு ஆனால் வேகம் இரண்டு மடங்குதான் ஆகும். அப்படியே திருப்பிப் போடு: நான்கு மடங்கு உயரத்தை எட்ட இரண்டு மடங்கு வேகம் போதும். சீடர் பாயிண்டிலேயே சரிபார். 78 அடிப் புளூ ஸ்ட்ரீக்கின் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். 310 அடி மில்லேனியம் ஃபோர்ஸின் வேகம் 150. உயரம் ஏறக்குறைய நான்கு மடங்கு, வேகமோ இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல்தான். மர கோஸ்டரில் உராய்வு அதிகம் என்பதால் அந்தக் கால் கூடியிருக்கிறது.

கேட்டாயா? உன்னைவிட நான்கு மடங்கு உயரத்தில் ஒருவன் நிற்கிறான் என்றால், அவன் உன்னைவிட நான்கு மடங்கு கெட்டிக்காரன் என்று நீயாக முடிவு கட்டிக்கொண்டாய். யார் சொன்னார்கள் உனக்கு? அவன் ஒரு மணி நேரம் படித்த இடத்தில் நீ இரண்டு மணி நேரம் படி. அவன் ஒரு கதவைத் தட்டிய இடத்தில் நீ இரண்டைத் தட்டு. அந்த உயரம் வந்து சேரும்!

இயற்பியல் வாத்தியார் ஒருவர் இங்கே கையைத் தூக்குவார். வேகம் இரண்டு மடங்கு ஆக, ஆற்றல் நான்கு மடங்கு செலவாகுமே ஐயா என்பார். சரியான கேள்வி. இலவசமாகக் கிடைக்கும் என்று நானும் சொல்லவில்லை. உழைப்பு நான்கு மடங்குதான். அதையும் சேர்த்துத்தான் உன்னிடம் கேட்கிறேன்.

420 அடிக்கு வருவோம். டாப் திரில் டிராக்ஸ்டர் ஓடிய காலத்தில் அதில் சங்கிலி கிடையாது. தரையில் நிற்கிற வண்டியை நான்கே விநாடியில் மணிக்கு 193 கிலோமீட்டர் வேகத்துக்கு உந்திவிடுவார்கள். அது செங்குத்தாக ஏறி, உச்சியில் திரும்பி, மறுபக்கம் இறங்க வேண்டும். மொத்தமே 17 விநாடி ஆட்டம். 420 அடியைத் தொட எவ்வளவு வேகம் தேவை? உராய்வும் காற்றும் இல்லையென்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 180. கொடுத்ததோ 193. காற்றுக்கும் உராய்வுக்கும் குளிருக்கும் சேர்த்து ஒதுக்கிய மிச்சம் அந்தப் பதின்மூன்றுதான்.

அதனால் அப்போதெல்லாம் சில நாள் எதிர்க்காற்று அடித்தால் வண்டி உச்சியை எட்டாது. ஏறும், ஏறும், மெதுவாகும், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு கணம் நின்றுவிடும். பிறகு வந்த வழியே பின்னோக்கிச் சரியும். கீழே வரிசையில் நிற்கிறவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? கைதட்டுவார்கள்! உள்ளே இருப்பவர்களை அதிர்ஷ்டசாலிகள் என்பார்கள். ஏனென்றால் அவர்களை மறுபடி உந்துவார்கள், ஒரே சீட்டில் இரண்டு ஆட்டம். அந்தச் சரிவில் யாருக்கும் அடிபடாது. வண்டி கிளம்பிப் போன மறுகணமே, அது உச்சியைத் தாண்டுமா தாண்டாதா என்று தெரிவதற்கு முன்பே, தண்டவாளத்தின் நடுவே காந்த பிரேக் தகடுகள் மேலே எழுந்து தயாராக நின்றுவிடும். இதைக் கட்டிய பொறியாளர்கள் நம்பிக்கை இல்லாதவர்களா? 420 அடி ஏறும் என்று நம்பித்தான் கட்டினார்கள். சில நாள் ஏறாது என்பதையும் தெரிந்தே கட்டினார்கள். நீ மட்டும் ஒரு நேர்காணலில் தோற்றுவிட்டு, அத்தோடு உலகமே முடிந்தது என்று அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாய்.

2005இல் நியூ ஜெர்சியில் கிங்டா கா வந்தது, 456 அடி. உயரச் சாதனை கைமாறியது. சீடர் பாயிண்டில் யாரும் மொட்டை போட்டுக்கொள்ளவில்லை, வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கிங்டா காவையும் 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

டிராக்ஸ்டருக்குப் பெரிய அடி 2021இல் விழுந்தது. வண்டியிலிருந்து கழன்று தெறித்த உலோகத் துண்டு ஒன்று, வரிசையில் நின்ற ஒரு பெண்மணியைப் படுகாயப்படுத்தியது. இதைத் தன்னம்பிக்கைக் கதையாக்கி மெழுகக் கூடாது. பூங்கா அந்த கோஸ்டரை மூடியது, மூடத்தான் வேண்டும். ஆனால் கோபுரத்தைச் சாய்க்கவில்லை. 2024இல் டாப் திரில் 2 என்ற பெயரில் மாற்றிக் கட்டித் திறந்தார்கள். திறந்த சில நாளிலேயே வண்டிகளில் கோளாறு என்று மறுபடி பூட்டு. அந்த ஆண்டின் மிச்ச நாளெல்லாம் அதில் யாரும் ஏறவில்லை. 2025இல் திரும்பவும் ஓடியது.

புது ஏற்பாட்டில் என்ன மாற்றினார்கள் என்று பார். ஒரே உந்தலில் உச்சி என்பதை விட்டுவிட்டார்கள். முதல் உந்தலில் 119 கிலோமீட்டர் வேகம். வண்டி கோபுரத்தில் பாதிதான் ஏறும், வேண்டுமென்றே பின்னால் சரியும். சரிகிற வேகத்தோடு சேர்த்து ஊஞ்சலை உந்துகிற மாதிரி இரண்டாவது உந்தல், இப்போது 160க்கு மேல், பின்னோக்கி. பின்பக்கம் புதிதாக எழுப்பிய இன்னொரு கோபுரத்தில் ஏறி, அங்கிருந்து முன்னோக்கி விழுந்து வரும்போது மூன்றாவது உந்தல், 193. வண்டி உச்சியைத் தாண்டும். முன்பு எதைத் தவறிய ஓட்டம் என்றார்களோ, அந்தப் பின்சரிவை வரைபடத்திலேயே சேர்த்துவிட்டார்கள்! நீ சரிந்த சரிவு வீண் என்று எந்த ஜோசியர் சொன்னார்?

எல்லாரும் 420க்கே ஓட வேண்டும் என்பதும் இல்லை. அதே பூங்காவில் மீன் ஸ்ட்ரீக் என்று 161 அடி மர கோஸ்டர் ஒன்று இருந்தது. உடம்பைப் போட்டு உலுக்கி எடுக்கும் என்று பெயர் வாங்கியது. 2016இல் நிறுத்தினார்கள். அதை விறகுக்கு அனுப்பாமல், இருந்த மரச்சட்டங்களைப் பயன்படுத்தி, மேலே இரும்புத் தண்டவாளம் போட்டு, 2018இல் ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கினார்கள். உயரம் 205 அடி, 2018க்கு அது ஒரு உயரமே இல்லை. ஆனால் இருக்கையை விட்டு உடம்பு எழும்பி மிதக்கிற நேரம் மொத்தம் 27.2 விநாடி என்று பூங்கா அறிவித்தது. ரசிகர்கள் அதற்காகவே ஊர் ஊராக வந்து வரிசையில் நின்றார்கள். உயரத்தில் போட்டி போட முடியாதபோது, தனக்குச் சாதகமான அளவு எது என்று தேடி அதில் முதலிடம் பிடித்த புத்தி அது. அந்தப் புத்தி உனக்கும் வேண்டும்.

ஒவ்வொரு கோஸ்டரின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். மேக்னத்துக்கும் மில்லேனியம் ஃபோர்ஸுக்கும் 48 அங்குலம். அதற்குக் குறைவான குழந்தை, குதிகாலை உயர்த்தினாலும் அழுதாலும் அப்பன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் உள்ளே போக முடியாது. நியாயம்தான், இடுப்பைப் பிடிக்கிற தடுப்புக்கு உடம்பு அடங்க வேண்டுமே. அந்தக் கோல் ஊரைக் கேட்பதில்லை, சாதியைக் கேட்பதில்லை, பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்பதில்லை. 48 அங்குலம் இருக்கிறதா, போ.

நீ அந்த 48ஐத் தாண்டிப் பல வருஷமாயிற்று. இன்னும் கோல் பக்கத்திலேயே நின்று நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? நகரப்பா. உனக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள்.