ஏழைகளின் படகும் அரசனும்

வெள்ளிக்கிழமைகளில் நம்மிற் பலர் ஓதும் ஸூரத்துல் கஹ்ஃபில் ஒரு படகு வருகிறது. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளின் படகு. அதில் ஏறிச் சென்ற ஹிழ்ர் (அலை) அவர்கள் அதைச் சேதப்படுத்துகிறார்கள். மூஸா (அலை) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டவர்களின் படகை உடைத்து, இருப்பவர்களை மூழ்கடிக்கப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். விளக்கம் பின்னர்தான் கிடைக்கிறது. அப்பால் ஓர் அரசன் இருக்கிறான். நல்ல படகுகளையெல்லாம் பலாத்காரமாகப் பறிக்கிறான். பழுதுபட்ட படகு அவனுக்கு வேண்டாம்.

தப்ஸீர்கள் இதில் மனித அறிவின் எல்லையைக் காண்கின்றன. அதை மறுக்க நான் யார்? ஆனால் ஊர்காவற்றுறையில் படகேறி எழுவைதீவுக்குப் போகும் ஒருவருக்கு அந்த அரசனின் முகமும் கொஞ்சம் தெரியக்கூடும். பனையும் கடலுமே பிழைப்பான சின்னத் தீவு அது. போர்க்காலத்தில் வட கடலில் தொழில் செய்யப் பாஸ் வேண்டும். போகும் நேரம், போகும் தூரம், இயந்திரத்தின் வலு, எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. காரணம் ஒரே சொல்தான்: பாதுகாப்பு.

அந்தச் சொல் தெற்கிலும் வேலை செய்தது. 1979இல் ஒரே பாராளுமன்றம் சில மாத இடைவெளியில் இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று, 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். மற்றது, 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம். முதலாவது வடக்குக்கென்று கருதப்பட்டது. இரண்டாவது தொழிலாளர்களுக்கு. 1980 யூலையில் முந்நூறு ரூபா சம்பள உயர்வு கேட்டு அரச ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது அவசரகால நிலை வந்தது. வேலைக்கு வராதவர்கள் பதவியைத் தாமாகவே விட்டு விலகியவர்களாகக் கருதப்பட்டார்கள். ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தார்கள். யாரையும் நீக்கவில்லை, அவர்களாகவே போய்விட்டார்கள் என்று சொல்லும் அந்தச் சட்டமொழியைக் கவனியுங்கள். தொழிற்சங்கங்கள் தெற்கின் சட்டத்தை எதிர்த்த வேகத்தில் வடக்கின் சட்டத்தையும் எதிர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சிந்திக்காமல் இருக்க முடியவில்லை. எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சிலரே.

குர்ஆன் அந்த அரசனின் பெயரைச் சொல்லவில்லை. நமக்கு அது வசதியாகப் போய்விட்டது. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து ஊரை விட்டுப் போகச் சொன்னவர்கள் கொழும்பிலிருந்து வந்தவர்களல்லர். அவர்களும் பாதுகாப்பையே காரணம் காட்டினார்கள். தையற்காரரின் இயந்திரம் கடையிலேயே நின்றுவிட்டது. தொழிலாளியிடமிருந்து அவனது கருவியைப் பிரிப்பவர் எந்தக் கொடியோடு வந்தாலும் அவருக்கு அந்தக் கதையில் இடமிருக்கிறது.

2021 யூலை 8ஆந் திகதி ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினும் வேறு சிலரும் பாராளுமன்றத்துக்கருகே ஆர்ப்பாட்டம் செய்து கைதானார்கள். நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் கொரோனாவைக் காரணம் காட்டி, அவர்களைத் தனிமைப்படுத்த என்று முல்லைத்தீவின் கேப்பாப்புலவுக்குக் கொண்டுபோனார்கள். படையினர் பிடித்த தம் காணியைத் திருப்பிக் கேட்டு 2017இல் மக்கள் வீதியோரம் குந்தியிருந்த அதே கேப்பாப்புலவு. தெற்கின் தொழிற்சங்கவாதியும் வடக்கின் காணியிழந்தவரும் ஒரே வேலிக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் சென்றன. அடுத்த ஆண்டு மே 6ஆந் திகதி நாடே வேலைநிறுத்தம் செய்தது. அன்று நள்ளிரவிலிருந்து மறுபடியும் அவசரகால நிலை.

இனி மூஸா (அலை) அவர்களின் கேள்விக்கு வருவோம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வேலைநிறுத்தமும் படகில் போடும் ஓட்டைதான். எழுவைதீவில் ஒரு கர்ப்பிணிக்கு இரவில் வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்று படகோட்டியோ தாதியோ பகிஷ்கரிப்பில் இருந்தால் மூழ்குவது யார்? அரசன் அல்லன். நெருக்கடி நேரத்தில் சங்கம் எதற்கு என்று கேட்பவர்களெல்லாம் ஆளும் தரப்பின் ஆட்களுமல்லர்.

அக்கேள்விக்கு என்னிடமுள்ள பதில் அரைகுறையானதுதான். ஹிழ்ர் (அலை) அவர்கள் படகை மூழ்கடிக்கவில்லை. பிறகு செப்பனிடக்கூடிய அளவுக்கே பழுதாக்கினார்கள். அதுவும் படகுக்காரரின் நன்மைக்கே, தமக்கென்று எதுவுமில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆள் நிறுத்திவிட்டு மற்ற வேலையை நிறுத்தும் சங்கம் இந்த அளவை அறிந்திருக்கிறது. ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் இன்னொரு சலுகைக்காக ஏழை நோயாளியை வரிசையில் காக்கவைப்பது வேறு. அது பிறர் படகை உடைப்பது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஹிழ்ர் யாரிடமும் கேட்கவில்லை, அவர்களுக்கு அல்லாஹ் கொடுத்த அறிவு இருந்தது. சங்கச் செயலாளருக்கு அது இல்லை. ஆகவே அவர் படகிலுள்ளவர்களைக் கேட்டாக வேண்டும். உறுப்பினரை மட்டுமல்ல, பயணிகளையும். நமது சங்கங்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அரசின் பக்கத்தில் ஓட்டை இன்னும் பெரிது. வர்த்தமானி சேவையை அத்தியாவசியம் என்கிறது. அதைச் செய்பவனை அப்படிச் சொல்வதில்லை. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிகளார் (ஸல்) அவர்களின் உம்மத்தில் எத்தனை பேர் இதைக் கேட்டிருக்கிறோம்? வேலை நிற்கக்கூடாது என்பவர் கூலியும் நிற்கக்கூடாது என்றல்லவா முதலில் சொல்ல வேண்டும்? நம்மவர் கடைகளில் நிற்கும் பையன்களின் சம்பளத்தையும் இதில் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

எழுவைதீவு மீனவருக்கு முதலாளி இல்லை. இருப்பது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அவர்கள் பகிஷ்கரித்தால் யாருக்கு நட்டம்? இழுவைமடியை 2017ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. இருந்தும் அக்கரை இழுவைப் படகுகள் வந்து வலைகளை அறுத்துப்போயின. அப்படகுகளில் பிடிபட்டுச் சிறைக்குப் போகிறவர்களிலும் பலர் பங்குக்கு உழைக்கும் கூலிகள், படகு வேறொருவருடையது. எழுவைதீவான் ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் எந்த வர்த்தமானியும் வெளிவராது. அன்று அவன் வீட்டில் உலை வைப்பதில்லை, அவ்வளவுதான்.