மறதி என்னும் சகாயம்

பிறர் இழைத்த தீங்கைப் பொறுப்பதினும் அதை நினைவினின்றே அகற்றிவிடுதல் மேலானது என்று வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில் உரைத்த காலத்தில், மறதி மனித மனத்துக்கு இயற்கை அளித்த சகாயமாக இருந்தது; கோபத்தில் உதிர்ந்த சொல் கேட்டவர் நெஞ்சில் நாளடைவில் மங்கி, சொன்னவர் திருந்தி வாழ இடம் கொடுத்தது. இன்றோ, இளமையின் அவிவேகத்தில் முகநூலில் எழுதிய ஒரு வரி, எழுதியவரே வெட்கி அழித்த பின்னும், யாரோ எடுத்துவைத்த ஸ்கிரீன்ஷாட்டாய்ப் பிழைத்திருந்து, நரை தோன்றும் வயதில் அவருக்கு எதிரே சாட்சி சொல்ல வருகிறது. காண்பவருக்கு அது நேற்றுச் சொன்னதாகவே தோன்றுகிறது. காலங்கடந்த செய்திகளுக்கான இணைப்புகளைச் சம்பந்தப்பட்டவர் வேண்டினால் தேடுபொறிகள் நீக்க வேண்டியிருக்கும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது உண்மையே; ஆயினும் இணைப்பு மறையுமேயன்றி மூலப் பக்கம் அழிவதில்லை. சட்டத்தால் இயலாத அந்த எஞ்சிய பகுதியை, பதிவின் தேதியை முதலில் நோக்கி, அதன்பின் அம்மனிதர் வாழ்ந்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்து, பகிராமல் நகர்ந்துவிடுகிற ஒருவரால் செய்ய இயலும். காயப்பட்டவரிடம் மறதியைக் கோரும் உரிமை எவருக்கும் இல்லை. இங்கே சொல்லப்படுவது, காயமேதும் படாமலே தண்டிக்கப் புறப்படும் நம்மைப் பற்றி.